அந்த வரியில் நிற்கிறாள்

மாலைச் செபத்தில் பரலோக மந்திரத்தின் முதல் பாதியை நான் சொல்லி முடித்தேன். மறுபாதியை என் மனைவி சகாயமேரி சொல்ல வேண்டும்.

சொன்னாள். அன்றாட உணவு கேட்கும் வரி வந்தது. வாய் ஒரு பக்கம் கோணி, எழுத்துகள் வழுக்கிக்கொண்டு வந்தாலும், முழுசாக வந்தது. அடுத்தது மன்னிப்பு வரி. பிறர் குற்றத்தை நாங்கள் மன்னிப்பதுபோல எங்கள் குற்றத்தையும் மன்னியும் என்று கேட்கிற வரி. அங்கே நின்றுவிட்டாள்.

நான் காத்திருந்தேன். மாலை ஆறரை மணிக்கும் வீட்டுச் சுவர் கொதித்துக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லில் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் என்றால் வெயில் காலத்தின் தொடக்கம் என்று அர்த்தம். மின்விசிறி சுற்றியது. மாதா படத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்தி அந்தக் காற்றில் அணையப் பார்த்தது. சகாயத்தின் உதடு அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, நடுவில் ஒன்றுமே விட்டுப்போகாத மாதிரி, சோதனையிலிருந்து காக்கச் சொல்லும் வரிக்குத் தாவி ஆமென் போட்டாள்.

செபமாலையில் அந்த மந்திரம் ஆறு முறை வரும். ஆறு முறையும் அதே இடத்தில் நின்றாள். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

சகாயத்துக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. என் பெயரோ மகள் பெயரோ வராது. ஆனால் செபம் வரும். சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி ஊறிப்போனது மூளையில் வேறு ஓர் இடத்தில் இருக்கிறதாம். டாக்டர் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, அந்த வரியில் அவள் நிற்கத் தொடங்கும்வரை.

வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். அவளிடம் கேட்டேன்.

"அது நீளமான வரி சார். அம்புட்டையும் ஒரே மூச்சுல இழுக்க அவங்களால ஏலலை. வேணும்னு செய்யல" என்றாள். "நீங்களும் அவங்க சொல்ற பகுதியைக் கூடவே சேந்து சொல்லுங்க. ரெண்டு குரலாப் போனா அவங்களுக்குப் பிடிச்சுக்கிடத் தோதா இருக்கும்."

சரி என்று தலையாட்டினேன். செய்யவில்லை. வேணும்னு செய்யல என்று அவள் சொன்னதையும் நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதுதான் இந்த வாரம் நான் எழுத வேண்டிய விஷயம்.

மகளின் போன்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டுக்கல்லில் முப்பது வருஷத்துக்கு மேல் மாவு மில் வைத்திருந்தவன் நான். இப்போது மில்லை வேறொருவர் நடத்துகிறார். வீடு மில்லுக்குப் பின்னாலேயே இருப்பதால் மிஷின் சத்தம் மட்டும் இன்னும் என்னுடையது. இந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு நான் பல வருஷமாகக் கோபக் கடிதங்கள் எழுதி வந்தேன். எழுத்துப் பிழைக்கு ஒன்று, ராசிபலனுக்கு ஒன்று. அவர் அலுத்துப்போய், 'இவ்வளவு எழுதுகிறீர்கள், தொடராகவே எழுதிவிடுங்களேன்' என்றார். கோபத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நல்லது இதுதான்.

சில வாரங்களுக்கு முன்னால் சகாயத்தைப் பற்றி எழுதினேன். கோவில் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல் என்றும், தொண்டைக் கோளாறு வந்ததால் பாட்டை விட்டுவிட்டாள் என்றும் எழுதியிருந்தேன். அதே அத்தியாயத்தில், 'நான் கோபக்காரன்தான், ஆனால் ஒருநாளும் கட்டினவள் மேல் கை நீட்டியதில்லை' என்று ஒரு வரியும் வந்தது. எழுதும்போதே அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

பழனிப் பக்கம் பாலசமுத்திரத்திலிருந்து ஓர் அம்மா, ஆசிரியர் முகவரிக்குக் கடிதம் போட்டிருந்தார். 'ஏனுங்க ஐயா, உங்க அம்மிணி தொண்டைக்கு அதிமதுரம் குடுத்துப் பாத்தீங்களா? எங்க நாத்தனாருக்கு அதுலதானுங்க சரியாச்சு. அந்தக் குரலை அப்படியே விட்டுப்போடாதீங்க.' மடித்த தாளுக்குள் ஒரு துண்டு அதிமதுரத்தையும் வைத்து அனுப்பியிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

அன்று மத்தியானம் நத்தத்திலிருந்து மகள் ஸ்டெல்லா போன் செய்தாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பத்திரிகை அவளுக்கு ஒரு வாரம் பிந்தித்தான் கிடைக்கும்.

"அப்பா, படிச்சேன்."

"நல்லாருந்துச்சாம்மா?"

"பொய் எழுதிருக்கீங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எனக்கு அப்ப ஒம்போது வயசுப்பா. வாசப்படியிலதான் நின்னேன். நீங்க என்னையப் பாக்கல, நான் பாத்தேன். அம்மாவால இப்பப் பேச முடியாதுங்கிற தைரியத்துல எழுதிட்டீங்களா?"

வைத்துவிட்டாள். ஏலே, உன் மகளுக்கே தெரிந்திருக்கிறது என்று எனக்குள் ஒருவன் சொன்னான். இருபது வருஷத்துக்கும் மேலாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம் தெரிந்திருக்கிறது.

மிளகாய் ஓடிய மிஷின்

விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடுகிறேன் என்று நினைத்தால் அதுவும் சரிதான்.

மில்லில் மிளகாயைக் கடைசியாகத்தான் அரைப்போம். அரைத்து முடித்ததும் ஒரு படி நொய்யைப் போட்டு ஓட்டி, மிஷின் வயிற்றைக் கழுவி எடுக்க வேண்டும். ஒரு நாள் மிளகாய் முடிந்த நேரத்தில் சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நெசவுக்காரக் குடும்பம். கைக்குழந்தைக்குச் சத்துமாவு அரைக்கக் கேழ்வரகும் பயறும் வறுத்து டின்னில் கொண்டு வந்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணே என்றாள். நான் டின்னை வாங்கி அப்படியே கொட்டப் போனேன்.

"ஏங்க, மொளகா ஓடுன மிஷினுங்க" என்றாள் சகாயம்.

"எனக்குத் தெரியாதா? நீ எனக்குத் தொழில் சொல்லித் தாரியா?" என்று கத்தினேன். கொட்டிவிட்டேன்.

மறுநாள் அந்தப் பெண் குழந்தையோடு வந்து நின்றாள். ஒரு வாய் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். குழந்தை இரவெல்லாம் வீறிட்டிருக்கிறது. உதடு சிவந்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? டின்னை நீதான் கழுவியிருக்க மாட்டாய் என்று அவளைத் திட்டினேன். அவள் அழுதுகொண்டே போனதும் உள்ளே வந்து, 'நீ ஏன் அழுத்திச் சொல்லல' என்று சகாயத்தைத் திட்டினேன்.

அன்றைக்குச் சகாயம் எங்கள் வீட்டுக் கேழ்வரகை வறுத்தாள். நான் சாப்பிடப் போன நேரத்தில் அவளே மிஷினைக் கழுவி, அரைத்து, பஸ் ஏறிச் சின்னாளப்பட்டிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண் அடுத்த மாதம் மறுபடி என் மில்லுக்கே வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை. வாடிக்கை போகவில்லை என்ற நிம்மதிதான் வந்தது.

மில் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகிவிட்டது, வீட்டிலும் அப்படியே வந்துவிடுகிறது. இதுதான் நான் எல்லாரிடமும் சொல்லி வந்த சாக்கு. கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கரண்ட் ஆபீஸ்காரர் வந்து நின்றால் அதே மில் சத்தத்தில் என் குரல் தேனாகக் குழையும். ஆலயத்தில் பங்குச் சாமியாரிடம் நான் பேசும்போது அவர் காதை நீட்டித்தான் கேட்க வேண்டும். கோபம் என்னை மீறி வருகிறது என்பது பொய். ஆளைப் பார்த்துத்தான் வந்தது. திருப்பிப் பேசாத ஆளைப் பார்த்து வந்தது.

பாட்டு நோட்டு

ஸ்டெல்லாவுக்கு ஒன்பது வயதான வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். மில்லில் அதிரச மாவுக்கும் முறுக்கு மாவுக்கும் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். டின்களை வாங்கி அடுக்கி, மாவை ஆற வைத்துக் கொடுப்பது சகாயத்தின் வேலை. நடுராத்திரிப் பூசைக்கு அவளைத் தனியாக ஒரு பாட்டுப் பாடச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பழக வேண்டும்.

"செத்த நேரத்துல வந்துருவேங்க" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் நாலு மணிக்குப் போனாள்.

ஐந்தே முக்கால் ஆயிற்று. மிஷினை நிறுத்தினேன். வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டு டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனேன்.

கோவில் படிக்கட்டில் பாடகர் குழு உட்கார்ந்திருந்தது. சகாயம் மடியில் பாட்டு நோட்டு. கையில் டீ டம்ளர். யாரோ ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. என் வீட்டில் அந்தச் சிரிப்பு இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தாமதமானதுதான் காரணம் என்று நினைத்தேன்.

"இங்க பாடி யாரை மயக்கப் போற? வீட்ல ஒருத்தன் நாயா பேயா உழைச்சுக்கிட்டுக் கெடக்கான்" என்றேன்.

இந்த வரியை எழுதுவதற்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஆர்மோனியம் வாசிக்கிறவர் குனிந்துகொண்டார். சகாயம் டம்ளரைப் படியில் வைத்துவிட்டு எழுந்து வந்து வண்டியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் போனதும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்புட்டுப் பேர் முன்னாடி அப்படிச் சொல்லணுமாங்க?"

அறைந்தேன். இடது கன்னத்தில். நோட்டு கீழே விழுந்தது. அவள் கன்னத்தைத் தொடவில்லை. குனிந்து நோட்டை எடுத்து, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள்.

நான் மில்லுக்குத் திரும்பி மிஷினை ஓட்டினேன். வரிசை அப்படியே நின்றது. 'இன்னிக்கு மாவு நல்லா நைசா விழுந்திருக்குண்ணே' என்று ஒரு பெண் சொன்னதுவரை ஞாபகம் இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கிறிஸ்துமஸ் பூசைக்கு எங்களோடு வந்தாள். பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். எல்லாரும் பாடினார்கள், அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறும் திறக்கவில்லை. பாடகர் குழுவிலிருந்து ஆள் வந்து கேட்டபோது, "தொண்டை சரியில்லக்கா, டாக்டர் பாடக் கூடாதுன்னுட்டார்" என்று அவளே சொன்னாள். அவள் எனக்காகச் சொன்ன பொய் அது. நான் அதை எடுத்து என்னுடைய உண்மையாக வைத்துக்கொண்டேன். கேட்டவர்களிடமெல்லாம் தொண்டை என்றேன். கடைசியில் அச்சிலும் ஏற்றிவிட்டேன்.

மனப்பாடப் பாவங்கள்

சின்ன வயதில், பூசையில் முதல்முறையாக அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு முன்னால், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன பாவம் தெரியும்? அதனால் கன்னியர் மடத்து அம்மா ஒரு பட்டியலும் சொல்லிக் கொடுத்தார். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், செபத்தில் பராக்குக்கு இடம் கொடுத்தேன், பெரியவர்களுக்குக் கீழ்ப்படியவில்லை. இந்த நாலையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டு வந்தோம்.

நான் அறுபது வயதைத் தாண்டியும் அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் எந்தப் பெரியவருக்கு நீ கீழ்ப்படியவில்லை என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. அறைந்த அந்த வாரத்திலும் போய் முழங்கால் போட்டேன். 'கோபப்பட்டேன்' என்றேன். பொய் இல்லையே! பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார். சொல்லிவிட்டு, நிம்மதியாக வந்து சாப்பிட்டேன்.

ஸ்டெல்லா போன் செய்த வாரம் தவக்காலம் தொடங்கியிருந்தது. கோவிலுக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் சாமியார், என் மகளைவிடச் சின்னவர். பழக்க தோஷம், பட்டியலை ஆரம்பித்துவிட்டேன். பொய் சொன்னேன், கோபப்பட்டேன்.

"யார் மேலங்கய்யா?" என்று கேட்டார்.

"வீட்லதான் சாமி. பொதுவா."

"பொதுவா வேண்டாம். ஒரு நாள், ஒரு ஆளு. அதை மட்டும் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் மனைவிக்கு எப்படி இருக்கும் என்று அந்த இடத்தில் கொஞ்சம் தெரிந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கினார்கள். எப்படியோ சொல்லி முடித்தேன். மேலே எழுதியதைத்தான் சொன்னேன்.

அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றார்.

"அவளால பேச முடியாது சாமி. பக்கவாதம்."

"உங்களால பேச முடியுதுல்லங்கய்யா?"

அவர் குரலில் கண்டிப்பே இல்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது. பரிகாரமாகச் செபம் எதுவும் கொடுக்கவில்லை. அவளிடம் சொல்லச் சொன்னார். பொய்யை யார் யாரிடம் சொன்னேனோ அவர்களிடமும் உண்மையைச் சொல்லச் சொன்னார். நான் பத்திரிகையில் எழுதுகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

பாலசமுத்திரம் அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். தொண்டையில் ஒரு கோளாறும் இருந்ததில்லை.

ஆறிப்போன கஞ்சி

மறுநாள் மத்தியானம் அவளுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தேன். வழக்கமாக உதவிக்கு வரும் பெண்தான் ஊட்டுவாள். அன்று நான் ஊட்டுகிறேன் என்றேன். நாலு ஸ்பூன் உள்ளே போன பிறகு, ஸ்பூனைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"சகாயம், அன்னிக்குக் கோவில் படியில நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து அடிச்சிருக்கக் கூடாது. உன் பாட்டை நான்தான் நிறுத்தினேன். என்னைய மன்னிச்சிரு."

அவள் என்னைப் பார்த்தாள். காது நன்றாகக் கேட்கும் அவளுக்கு. புரியவும் புரியும். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஸ்பூனை வாயருகே கொண்டு போனேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள். மறுபடி கொண்டு போனேன். நடமாட்டம் இருக்கிற இடது கையால் என் கையைத் தள்ளினாள். கஞ்சி என் வேட்டியில் கொட்டியது.

நான் கண்ணீர் விட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடந்தது அதுவல்ல. எனக்குக் கோபம் வந்தது. அதே பழைய கோபம். அது வலது கைக்கு வந்துவிட்டது. இவ்வளவு இறங்கி வந்து கேட்கிறேன், இவளுக்கு என்ன வீம்பு என்று மனசு சொன்னது. ஸ்பூனைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துவிட்டன. எழ முடியாத ஒருத்திக்கு முன்னால் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழப்போகிறது என்று நினைத்துக் கண்ணை மூடினாள்.

கிண்ணத்தைத் தரையில் வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன். வாழ்க்கையில் ஒரு பாத்திரத்தை அவ்வளவு மெதுவாக நான் வைத்ததில்லை. எழுந்து மில்லுக்குப் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம், மிஷின் ஓடவில்லை. மாவு படிந்த மூட்டைமேல் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று நினைத்திருந்தேன். இல்லை, மன்னிப்பை வாங்கிக்கொண்டு வரப் போயிருக்கிறேன். தரமாட்டேன் என்றதும் கை ஓங்கப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் சிரித்ததற்கு அடித்தவன், இப்போது மன்னிக்காததற்கு அடிக்கப் பார்த்தேன். திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த கிழவனின் லட்சணம் இதுதான்.

மாலையில் அவள் மறுபடி அந்த வரியில் நிற்பாளே என்று நினைத்தேன். நினைக்கும்போதே அந்த வரியைத் தனியாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். தடுமாறியது. பாதியில் வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறந்ததிலிருந்து தெரிந்த மந்திரம் அல்லவா?

யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. வீட்டுச் செபத்தில் முன்சொல்லுகிறவர் முதல் பாதியைச் சொல்வார், மற்றவர்கள் மறுபாதியைச் சொல்வார்கள். எத்தனையோ வீடுகளில் செபமாலையின் பத்துப் பத்து மணிகளை ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி முன்சொல்வார்கள். என் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து நான்தான் முன்சொல்லுகிறவன். வேறு யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. கடவுளின் பெயர், ஆட்சி, திருவுளம் என்று பெரிய பெரிய வரிகள் எல்லாம் என் பங்கு. சோறு கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் அவள் பங்கு. பூசையில் கூட்டத்தோடு கூட்டமாக வாயசைத்திருப்பேன். என் வீட்டுச் சுவருக்குள், அவள் காது கேட்க, அந்த வரி என் குரலில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

பேச்சுப் பயிற்சிப் பெண் சேர்ந்து சொல்லுங்கள் என்றபோது நான் ஏன் செய்யவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முன்சொல்லுகிற இடத்தை விட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை. இதற்காக அவளுக்கு வந்திருக்கக்கூடிய பேச்சைக்கூடத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா வந்தாள். பள்ளி முடிந்து நத்தத்தில் பஸ் ஏறி, நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். தலையை வாரிவிட்டாள். நகம் வெட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

"ஸ்டெல்லா, நடந்ததை எழுதப் போறேன். பேரோட. அம்மாவுக்குச் சங்கடமா இருக்குமா?"

நகவெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "தொண்டைன்னு எழுதும்போது அம்மாகிட்டக் கேட்டீங்களா?"

கேட்டிருக்கவில்லை. பின்னால் இந்த அத்தியாயத்தைச் சகாயத்துக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். கடைசிவரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பாமல் கேட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

ஆறரை மணிக்குச் செபமாலை எடுத்தோம். நான் வழக்கமாக எதிரே போட்டுக்கொள்ளும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சகாயத்தின் பக்கத்தில், இடது கைப் பக்கம் போட்டேன்.

"நீ முன்சொல்லும்மா" என்றேன் மகளிடம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானப்பா எப்பவும்..."

"இன்னிக்கு நான் அம்மா கூடச் சொல்றேன்."

ஸ்டெல்லா முதல் பாதியைச் சொன்னாள். நானும் சகாயமும் மறுபாதியைத் தொடங்கினோம். அன்றாட உணவு வரி இரண்டு குரலில் வந்தது. அவளுடைய குரலுக்கு இணையாகப் போக நான் என் குரலைத் தணிக்க வேண்டியிருந்தது. கூடச் சேர்ந்து சொன்னால் பிடித்துக்கொள்வாள் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாளே, ஒருவேளை இன்றைக்கு வந்துவிடுமோ என்று எனக்கு ஆசையாக இருந்தது.

மன்னிப்பு வரி வந்தது. சகாயம் நின்றுவிட்டாள்.

நான் தனியாகப் போக வேண்டியதாயிற்று. தமிழில் அந்த வரி எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். முதலில் பிறரை மன்னித்துவிட்டதாகச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் நமக்குக் கேட்கலாம். எனக்கு எதிராக இந்த வீட்டில் யார் என்ன குற்றம் செய்தார்கள்? ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி வாசப்படியில் நின்று பார்த்தாள். மன்னிப்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. கேட்பதற்கு மட்டும்தான் இருந்தது. அந்தப் பாதிக்கு வந்தபோது என் குரல் போய்விட்டது. இந்தத் தெருவையே நடுங்க வைத்த குரல். மூச்சுதான் வந்தது.

ஸ்டெல்லா செபமாலை மணியைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தாள். உதவிக்கு வரவில்லை. வந்திருக்கக் கூடாதுதான்.

மறுபடி தொடங்கினேன். மறுபடி உடைந்தது. மூன்றாவது தடவை ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தை எழுத்துக் கூட்டுவதுபோல, சொல்லி முடித்தேன்.

சகாயம் அந்த வரியைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவளால் முடியவில்லையா, மனசு இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கேட்கவும் மாட்டேன். எத்தனையோ மாலைகளில் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தானாக அடுத்த வரிக்குப் போனவள் அவள். அன்று போகவில்லை. நான் மூன்று தடவை விழுந்து எழுந்து முடிக்கும்வரை பேசாமல் காத்திருந்தாள். முடித்த பிறகுதான் அடுத்த வரியை எடுத்தாள்.